கடையும் சபையும்

'செட்டியார் மிடுக்கா, சரக்கு மிடுக்கா?' என்று நம் முன்னோர் கேட்டு வைத்த கேள்விக்கு இன்றுவரை யாரும் முடிவான விடை சொன்னதாகத் தெரியவில்லை. கடை வீதியில் இந்தக் கேள்வி எழுவது சகஜம். சாமான் நன்றாயிருந்தால் செட்டியாரை மறந்துவிடுகிறோம். கெட்டுப் போனால்தான் அவரைத் தேடுகிறோம். ஆனால் கடை நடத்தியவரே ஒரு நாள் வீடு வீடாக வந்து, சாமானுக்குப் பதிலாகத் தம்மையே ஏற்றுக்கொள்ளும்படி கைகூப்பினால் என்ன செய்வது? எதை வைத்து அவரை மதிப்பிடுவது?

கன்னியாகுமரித் தொகுதி ஜனங்களுக்கு இது வெறும் வேடிக்கைக் கேள்வியாக இருக்கவில்லை. 2014-லும் 2019-லும் அவர்கள் இதற்கு வோட்டுச் சீட்டின் மூலம் விடை சொல்ல வேண்டியிருந்தது. கேள்வியாக வந்து நின்றவர் காலஞ்சென்ற ஸ்ரீ ஹெச். வசந்தகுமார். 'வசந்த் அண்டு கோ' என்ற பெயரும், விளம்பரங்களில் அவர் சிரித்துக்கொண்டிருக்கும் முகமும் தெரியாத வீடு தமிழ்நாட்டில் அபூர்வம். அவருடைய வாழ்க்கையைப் புகழ் மாலையாகத் தொடுப்பது நமது நோக்கமன்று. அவர் எந்தக் கட்சியைச் சேர்ந்தவர் என்பதைக்கொண்டு எடை போடுவதும் நமது வேலையன்று. வியாபாரம் செய்து வளர்ந்த ஒருவர் தேசத்தின் சட்ட சபைக்குப் போகும்போது எதைக் கொண்டு போகிறார், எதை விட்டுவிட்டுப் போக வேண்டும் என்பதை அவரை முன்னிட்டுச் சற்று யோசிக்க விரும்புகிறோம். நேயர்கள் பொறுமையுடன் கேட்பார்களாக.

நாம் குடியிருப்பது வடசேரி. கனகமூலம் சந்தையின் இரைச்சலையும், கோயில் நகைகளுக்குக் கல் பதிக்கும் ஆசாரிமாரின் நிதானத்தையும் ஒருங்கே பார்க்கக்கூடிய ஊர். பேருந்து நிலையமும் இங்கேதான் இருக்கிறது. மாலை நேரங்களில் சென்னைக்குப் புறப்படும் பஸ்களின் அருகே போய் நின்று பார்த்தால் நாஞ்சில் நாட்டின் சரித்திரத்தில் ஒரு பாதியைத் தெரிந்துகொள்ளலாம். கையில் ஒரு பையும், பையில் நேந்திரங்காய் உப்பேரியும், நெஞ்சில் கொஞ்சம் திகிலுமாக எத்தனை வாலிபர்கள் ஏறிப் போகிறார்கள்! அவர்களில் பலர் அங்கே யாராவது ஓர் ஊர்க்காரரின் கடையில் வேலைக்குச் சேருவார்கள். சிலர் சில வருஷங்களில் திரும்பிவிடுவார்கள். சிலர் அங்கேயே கடை வைப்பார்கள். நம்மிடம் படித்த பிள்ளைகளை அப்படி வழியனுப்பிய மாலைகள் பல உண்டு.

வசந்தகுமாரின் கதையும் இந்தப் பொதுக் கதையில் ஒன்றாகத்தான் தொடங்குகிறது. 1950-ஆம் வருஷம் ஏப்ரல் 14-ஆம் தேதி அகஸ்தீஸ்வரத்தில் பிறந்தவர் அவர். தகப்பனார் ஹரிகிருஷ்ண பெருமாள், தாயார் தங்கம்மை. 1933-இல் பிறந்த தமையனார் குமரி அனந்தன், தம்பி விவரமறியும் வயதை எட்டுவதற்கு முன்பே மேடைத் தமிழிலும் காங்கிரஸ் இயக்கத்திலும் முழுகிவிட்டவர். அண்ணன் மேடைக்குப் போனார். தம்பி கடைக்குப் போனார். சென்னையில் வி.ஜி. பன்னீர்தாஸ் நிறுவனத்தில் விற்பனையாளராக வேலை பார்த்தார். பின்பு 1978-இல் சொந்தமாக ஒரு சிறு கடையைத் தொடங்கினார். அந்தச் சிறு கடைதான் பிற்பாடு தமிழ்நாடு முழுவதும், புதுச்சேரியிலும் கேரளத்திலும் கிளைகள் விட்டது.

அவர் வேலை கற்ற இடம் கவனிக்கத்தக்கது. தவணை முறையில் வீட்டுச் சாமான் விற்பதைத் தமிழ்நாட்டில் பரவச் செய்த நிறுவனம் அது. முழு விலையையும் கையில் வைத்துக்கொண்டுதான் கடைக்குள் காலெடுத்து வைக்க வேண்டும் என்ற பழைய வழக்கத்தை மாற்றி, முன்பணமாகக் கொஞ்சம் கட்டிச் சாமானை வீட்டுக்குக் கொண்டுபோகலாம், பாக்கியை மாதா மாதம் செலுத்தலாம் என்று ஆக்கிய ஏற்பாடு அது. இந்த வித்தையைத்தான் வசந்தகுமார் தம் கடைக்கும் கொண்டு வந்தார்.

தவணை முறை என்றால் என்ன என்பதைப் பொருளாதாரப் புத்தகங்களில் படிப்பதற்கு முன்பே நாம் வீட்டில் படித்தோம். நமது தகப்பனார் ஒரு குமாஸ்தா. மாதச் சம்பளம் வந்த நாலாம் நாள் எங்கே போயிற்று என்று தெரியாத குடும்பம். நமது சிறு பிராயத்தில் ஒரு கிரைண்டர் வீட்டுக்கு வந்தது. எந்தக் கடையிலிருந்து என்பது இங்கே முக்கியமில்லை. அதற்கு முன்னால், தினந்தோறும் மாலையில் அம்மை ஆட்டுக்கல்லின் முன் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு மணி நேரம் பிடிக்கும். முன்பணம் கட்டி, அப்பாவின் சிநேகிதர் ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டு, தவணை அட்டை ஒன்று வீட்டுக்கு வந்து சேர்ந்தது. சாமிப் படத்துக்குப் பின்னால்தான் அதற்கு இடம். மாதம் பிறந்து ஐந்து தேதிக்குள் பணம் கட்டி, அட்டையில் முத்திரை வாங்கியாக வேண்டும். முத்திரை விழுந்த அன்று அப்பா முகத்தில் ஒரு தெளிவு தெரியும்.

"சாமானத் தந்துட்டு பைசாவுக்கு ஒரு வருசம் காத்திருக்கானே, அந்தக் கடைக்காரனுக்க நெஞ்சுதான் நெஞ்சு!" என்று அம்மை ஒரு தரம் சொன்னாள்.

அப்பா சிரித்தார். "நெஞ்சு ஒண்ணும் இல்லட்டீ. வட்டியச் சேத்துத்தான் வெலை போட்டிருக்கான்" என்றார்.

இருவர் சொன்னதும் உண்மைதான். தவணைக்கு விற்பவர் தர்மம் செய்கிறவர் அல்ல. ரொக்க விலையைக் காட்டிலும் தவணை விலை கூடுதலாகத்தான் இருக்கும். பணம் நின்றுபோனால் சாமானைத் திரும்ப எடுத்துக்கொள்ள வழியும் வைத்திருப்பார். ஆயினும், முன்பின் அறியாத ஒரு குமாஸ்தாவையும், ஒரு தறிக்காரரையும், ஒரு தையற்காரரையும் நம்பி ஆயிரக்கணக்கான ரூபாய்ச் சாமானை வீட்டுக்கு அனுப்பி வைக்க ஒரு துணிவு வேண்டும். இந்த ஜனங்கள் சம்பளத் தேதியை மறந்தாலும் தவணைத் தேதியை மறக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கை வேண்டும். ஏழை நாணயஸ்தன் என்று நம்பி அதன்மேல் முதல் போட்ட வியாபாரம் அது. அந்தக் கணக்கில் அவர்கள் தோற்கவில்லை. ஜனங்களும் தோற்கவில்லை. அம்மையின் மாலை நேரத்தில் ஒரு மணி மிச்சமாயிற்று. அந்த ஒரு மணியில் அவள் பத்திரிகை வாசித்தாள். நமக்கும் வாசிக்கக் கற்றுக்கொடுத்தாள்.

இனி, கடைக்காரர் அபேட்சகரான கதைக்கு வருவோம். வசந்தகுமார் முதலில் போனது பார்லிமெண்டுக்கு அல்ல; மாநிலச் சட்டசபைக்கு. 2006-லும் 2016-லும் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த நாங்குநேரித் தொகுதியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டார். இடையே 2014-இல் சொந்த மாவட்டமான கன்னியாகுமரியில் பார்லிமெண்டுக்கு நின்று, ஸ்ரீ பொன். இராதாகிருஷ்ணனிடம் ஏறத்தாழ 1,28,000 வோட்டு வித்தியாசத்தில் தோற்றார். 2019-இல் அதே தொகுதியில், அதே எதிராளியுடன், மறுபடியும் நின்றார். இந்தத் தடவை 2,59,933 வோட்டு அதிகம் பெற்று ஜயித்தார்.

ஐந்தே வருஷத்தில் இவ்வளவு பெரிய மாற்றம் எதனால் நேர்ந்தது? 2014-இல் அவரைத் தெரியாதிருந்து 2019-இல் தெரிந்துகொண்டார்கள் என்று சொல்ல முடியாது. அவரைத் தெரியாதவர் அப்போதும் இல்லை. 2014-இல் அவருடைய கட்சி தமிழ்நாட்டில் தனித்து நின்றது, 2019-இல் தி.மு.க.வுடன் கூட்டுச் சேர்ந்திருந்தது. இடையில் 2017 நவம்பர் இறுதியில் ஓகிப் புயல் வந்து கடற்கரைக் கிராமங்களில் எத்தனையோ குடும்பங்களின் விளக்கை அணைத்துவிட்டுப் போயிருந்தது. சரக்குப் பெட்டகத் துறைமுகம் வேண்டுமா, வேண்டாமா என்ற விவாதம் வேறு கரையோரமெங்கும் கொதித்துக்கொண்டிருந்தது. ஆகவே, விளம்பரத்தில் சிரித்த முகத்துக்காகவே ஜனங்கள் வோட்டளித்தார்கள் என்று நினைப்பது அவர்களுடைய புத்தியைக் குறைத்து மதிப்பதாகும். அதே முகத்தை 2014-இல் அவர்கள் திருப்பி அனுப்பியிருக்கிறார்களே!

அந்தத் தேர்தல் சமயத்தில் நம் வகுப்பில் ஒரு பையன் எழுந்து நின்றான். "சார், எம்.பி. ஆகணும்னா மொதல்ல பணக்காரனா ஆவணுமா?" என்று கேட்டான். வகுப்பு முழுவதும் சிரித்தது. நாம் சிரிக்கவில்லை. ஏனென்றால் கேள்வி நியாயமானது.

2002-இல் சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பின் பயனாக, தேர்தலில் நிற்கும் ஒவ்வொருவரும் தம் சொத்துக் கணக்கைப் பிரமாணப் பத்திரத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்ற முறை வந்தது. வசந்தகுமார் 2019-இல் காட்டிய குடும்பச் சொத்து சுமார் 417 கோடி ரூபாய். அந்த மக்களவையிலேயே சொத்தில் இரண்டாம் இடம் அவருக்கு. அவர் ஒருவரைச் சொல்லி என்ன? ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கத்தார் கணக்கெடுத்தபடி, 2009-இல் மக்களவை அங்கத்தினர்களில் 58 சதவிகிதம் பேர் கோடீசுவரர்கள். 2014-இல் அது 82 ஆயிற்று, 2019-இல் 88, 2024-இல் 93.

நாஞ்சில் நாடு திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த காலத்தில், 1904-இல் ஸ்ரீமூலம் பிரஜா சபை ஏற்பட்டது. அதில் இடம் பெற்றவர்கள் பெரும்பாலும் அதிக வரி செலுத்தும் நிலச்சுவான்தாரர்களும் வர்த்தகர்களுமே. தறிக்காரருக்கும் பனையேறிக்கும் அங்கே குரல் கிடையாது. அதை எதிர்த்துப் போராடித்தான் வயது வந்த எல்லோருக்கும் வோட்டு என்ற உரிமையை அடைந்தோம். இன்று வோட்டுப் போடச் சொத்து வேண்டியதில்லை. வோட்டுக் கேட்கத்தான் வேண்டும் போலிருக்கிறது! சட்டம் அப்படிச் சொல்லவில்லை என்பது மெய்யே. மக்களவைத் தேர்தலுக்கு ஜாமீன் தொகை 25,000 ரூபாய்தான். ஆனால் பெரிய மாநிலங்களில் ஓர் அபேட்சகர் செலவழிக்கலாம் என்று அனுமதித்த வரம்பு 2019-இல் 70 லட்சம். 2022 முதல் 95 லட்சம். நம்மைப் போன்ற ஆசிரியர்கள் ஆயுள் முழுவதும் சேர்த்தாலும் எட்டாத தொகையை ஒரே தேர்தலில் செலவிட அனுமதித்துவிட்டு, 'யார் வேண்டுமானாலும் நிற்கலாம்' என்று சொல்லுவதில் சற்று ஹாஸ்யம் இருக்கிறதல்லவா?

பையனுக்கு நாம் சொன்ன பதில் வேறு. "இதே தொகுதி, நாகர்கோவில் என்ற பெயரில் இருந்தபோது யார் யாரை அனுப்பியது என்று எழுதிக்கொண்டு வா" என்றோம். மறுநாள் எழுதிக்கொண்டு வந்தான். தமிழ்நாட்டோடு குமரியை இணைக்கப் போராடிய வக்கீல் நேசமணி அந்தப் பட்டியலில் இருந்தார். 1969 இடைத்தேர்தலிலும் 1971-லும் ஜயித்த காமராஜர் இருந்தார். 1977-இல் போய், பார்லிமெண்டில் தமிழில் பேசும் உரிமைக்காக வாதாடிய குமரி அனந்தன் இருந்தார். காமராஜரும் பிள்ளைப் பிராயத்தில் விருதுநகரில் மாமன் கடையில் இருந்தவர்தாம். ஆனால் அவர் கடையை விட்டு வெளியே வந்தவர். கடை அவருக்கு ஒன்றும் சேர்த்து வைக்கவில்லை. 1975 அக்டோபர் 2-ஆம் தேதி அவர் காலமானபோது அவரிடம் சொத்து என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாதவரையும், 417 கோடி உள்ளவரையும், ஒரே மாவட்டத்து ஜனங்கள் ஒரே இடத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். பணம் ஒரு தகுதியுமன்று, ஒரு குற்றமுமன்று என்பதே நாம் அறிந்த பாடம்.

இருந்தாலும் ஒரு சந்தேகம் மிச்சமிருக்கிறது. கடையும் சபையும் ஒரே மனிதரிடம் சேரும்போது, கடைக்காகச் சபை வேலை செய்யாமல் பார்த்துக்கொள்வது யார்? இங்கிலாந்தில் பர்மிங்ஹாமில் திருகாணித் தொழிலில் பொருள் ஈட்டிய ஜோசப் சேம்பர்லேன், 1874-இல் தொழிலைவிட்டு விலகிக்கொண்டார். நகர மேயராக இருந்து தண்ணீரையும் காஸ் விளக்கையும் நகரசபைக்கு உரிமையாக்கிவிட்டு, 1876-இல் பார்லிமெண்டுக்குப் போனார். நம் நாட்டில் டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1928-இல் சாமான் விநியோகத் தொழில் தொடங்கியவர். பிற்காலத்தில் நிதி மந்திரியானார். ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பொரேஷன் முந்த்ரா கம்பெனிகளில் பங்கு வாங்கிய விவகாரம் எழுந்து, சாக்ளா விசாரணையில் மந்திரியே பொறுப்பு என்று தீர்மானமானபோது, 1958 பிப்ரவரியில் பதவியை விட்டு இறங்கினார். 1962-இல் பக்கத்துத் தொகுதியான திருச்செந்தூரே அவரை மறுபடி டில்லிக்கு அனுப்பிற்று. சர்க்காரோடு நேரடி ஒப்பந்தம் வைத்திருப்பவர் அங்கத்தினராக இருக்க முடியாது என்று நம் தேர்தல் சட்டம் சொல்கிறது. வேறு வியாபாரத்தை அது தடுக்கவில்லை. சட்டம் நின்ற இடத்துக்கு அப்பால் காவல் இருக்க வேண்டியது அங்கத்தினரின் மனச்சாட்சியும் வோட்டர்களின் கண்ணும்தான்.

வசந்தகுமாருக்குத் தம்மை அங்கே நிரூபித்துக்காட்டக் காலம் கொஞ்சமே கிடைத்தது. 2019 மே மாதத்தில் வெற்றி. 2020 ஆகஸ்டில் மரணம். பதினைந்து மாதங்கள். இந்தச் சிறு இடைவெளியிலும் ஒரு விஷயம் நினைவில் நிற்கிறது. 2020 மார்ச்சில், கொரோனா தேசத்தை எப்படிப் பிடித்து ஆட்டப் போகிறது என்று பலருக்கும் தெரியாதிருந்தபோது, மக்களவையில் எழுந்து, இதைத் தேசியப் பேரிடராக அறிவிக்க வேண்டும், அன்றாடங் கூலிக்காரர்களுக்கு உதவி செய்ய வேண்டும் என்று கேட்டார். மாதத் தவணை வசூலித்த மனிதருக்கு, ஒரு மாதச் சம்பளம் நின்றால் ஒரு வீட்டில் என்னென்ன நிற்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடையிலிருந்து சபைக்கு ஒருவர் கொண்டுபோகக்கூடிய நல்ல சரக்கு இதுதான் என்று நமக்குத் தோன்றுகிறது.

அந்த ஏப்ரலில், அங்கத்தினர்களுக்கு வருஷந்தோறும் கிடைக்கும் ஐந்து கோடி ரூபாய்த் தொகுதி வளர்ச்சி நிதியை இரண்டு வருஷங்களுக்குச் சர்க்கார் நிறுத்தி வைத்தது. நோய்க்காலத்தில் நிவாரண வேலைகளில் நேரிலேயே ஈடுபட்டவர் அவர். ஆகஸ்டு மாதத்தில் அதே நோய் அவரையும் பற்றியது. சென்னையில் சிகிச்சை பெற்று வந்தவர் 28-ஆம் தேதி கண்ணை மூடினார். எழுபது வயது. 30-ஆம் தேதி அகஸ்தீஸ்வரத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். செப்டம்பர் 14-ஆம் தேதி மறுபடி கூடிய மக்களவை, முன்னாள் ராஷ்டிரபதி பிரணாப் முகர்ஜிக்கும் அவருக்கும் சேர்ந்து அஞ்சலி செலுத்தியது.

குடும்பங்களில் நடக்கும் விசித்திரத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். 2019-இல் கன்னியாகுமரியில் அவர் ஜயித்த அதே தேர்தலில், தமையனார் மகள் தமிழிசை சௌந்தரராஜன் தூத்துக்குடியில் எதிர்க் கட்சியாகிய பா.ஜ.க.வின் சார்பில் நின்று தோற்றார். ஒரே வீட்டுப் பிள்ளைகள் இரண்டு கொடிகளின் கீழ் நின்றார்கள். வசந்தகுமாருக்குப் பின் மகன் விஜய் வசந்த் 2021 இடைத்தேர்தலிலும் 2024 பொதுத் தேர்தலிலும் அதே தொகுதியில் வெற்றி பெற்றார். கடைக்கு வாரிசு பத்திரத்தின் மூலம் வரும்; தொகுதிக்கு அப்படி வரக்கூடாது. 2021-இல் மகனும் வீடு வீடாகப் போய்க் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. தகப்பனார் பெயர் அவருக்கு உதவியிருக்கும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கொடுத்தது ஜனங்கள். வேண்டாமென்று மறுக்கவும் அவர்களுக்கு உரிமை இருந்தது.

யோசித்துப் பார்த்தால், வோட்டும் ஒரு தவணை ஏற்பாடே. ஆனால் இடங்கள் மாறிவிடுகின்றன. கடையில் வியாபாரி சாமானை முதலில் கொடுத்துவிட்டு நம்மை நம்பிக் காத்திருக்கிறார். தேர்தலிலோ, நாம் முழு விலையையும் ஒரே நாளில் செலுத்திவிட்டு, சாமானுக்காக ஐந்து வருஷம் காத்திருக்கிறோம். இங்கே கடன் கொடுத்தவர்கள் நாம். ஆனால் கடன் கொடுத்தவர்களுக்குள்ள ஞாபகம் நம்மிடம் இருக்கிறதா? அந்தக் கிரைண்டர்க்காரர் மாதா மாதம் அட்டையைப் பார்த்தார். முத்திரை விழாத மாதத்தில் ஆளனுப்பி விசாரித்தார். நாம் நம் அங்கத்தினர் சபையில் எத்தனை நாள் இருந்தார், என்ன கேள்வி கேட்டார் என்று எப்போதாவது விசாரித்திருக்கிறோமா? அந்த விவரங்களெல்லாம் இன்று வீட்டிலிருந்தபடியே, கைத் தொலைபேசியில் யாரும் பார்க்கக்கூடியவையே.

ஆகையால், அடுத்த தடவை ஒருவர் வந்து கைகூப்பும்போது, அவர் பணக்காரரா ஏழையா என்பதை மட்டும் கேட்டு நிறுத்திவிடலாகாது. கடைக்குப் போகும் எந்தக் குடும்பஸ்திரீயும் கேட்கும் கேள்வியை அவரிடமும் கேட்க வேண்டும்: 'வாங்கின பிறகு பழுதானால் பார்க்க வருவீர்களா?' வசந்தகுமாரின் கடை நாற்பது வருஷங்களுக்கு மேலாக அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித்தான் நிலைத்தது. சபைக்குப் போகிறவர்களையும் அந்தக் கேள்விக்கு உட்படுத்துவது, பணமில்லாத நம் கையிலேயே இருக்கிறது.